நெடுவாலனின் நூறு கிளிகள்

நீலிக்காட்டின் நடுவில் ஓர் ஆம்பல் குட்டை. குட்டைக் கரையில் வானத்தைத் தொடுவதுபோல ஓர் இலவ மரம். அந்த மரமும் அதில் இருந்த நூறு கிளிகளும் நெடுவாலன் என்ற கருங்குரங்குக்குச் சொந்தம்.

காட்டில் யாருக்கு எதைச் சொல்ல வேண்டுமென்றாலும் அந்த மரத்துக்குப் போனால் போதும். ஒரு கிளியின் காதில் சொல்லிவிட்டு வரலாம். கிளி பறந்து போய் அதை அப்படியே சொல்லும். அதைக் கேட்ட இன்னொரு கிளியும் சொல்லும். வெயில் ஏறுவதற்குள் காடு முழுக்கத் தெரிந்துவிடும்.

"தெற்கு ஓடைப் பக்கம் நாவல் பழுத்திருக்கு! சீக்கிரம் வாங்க!"

"என் பொண்ணைக் காணோம்! வலது காதுல வெள்ளைப் புள்ளி! பார்த்தவங்க சொல்லுங்க!"

இப்படி நல்ல காரியங்கள் எத்தனையோ நடந்தன. தொலைந்த குட்டிகள் கிடைத்தன. பசித்தவர்களுக்குப் பழம் கிடைத்தது.

நெடுவாலனுக்கும் நல்ல வரும்படி. மரத்தடியில் உட்கார்ந்து கிளிப் பேச்சுக் கேட்கிறவர்கள் ஆளுக்கு ஓர் அத்திப்பழம் போட வேண்டும். கூட்டம் பெருகினால் பழம் பெருகும். யாராவது யாரையாவது திட்டினால் கூட்டம் இரண்டு மடங்காகும். இதை நெடுவாலன் சீக்கிரமே கண்டுகொண்டான். அதனால் வம்புப் பேச்சுப் பேசும் கிளியை உச்சிக் கிளையில் உட்கார வைத்தான். நாவல் பழுத்த செய்தி சொல்லும் கிளி, பாவம், கீழ்க்கிளையில் யாருக்கும் கேட்காமல் கத்திக்கொண்டிருந்தது.

அதே குட்டையில் கயலி என்ற நீர்நாய் வாழ்ந்தாள். அவளுக்கு இரண்டு பெண்குட்டிகள், துளி, நுரை. குட்டிகளின் தகப்பனைப் போன மழைக்கால வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கயலி தனியாகவே மீன் பிடித்தாள். தனியாகவே பிள்ளைகளை வளர்த்தாள். குட்டையின் அடிமண் அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அந்தக் கோடையில் தண்ணீர் வேகமாக இறங்கியது. கயலி மூழ்கிப் பார்த்தாள். அடியில் இருந்த ஊற்றுக்கண் பாதி அடைபட்டிருந்தது. தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். ஊற்றுக்கு நேர் மேலே, கரையோரத்தில் காட்டுப்பன்றிகள் சுகமாகப் புரண்டுகொண்டிருந்தன. அவை கலக்கிய சேறெல்லாம் நேராக ஊற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

கயலி கிளியிடம் போனாள்.

"பன்றிங்க ஊற்றுக்குப் பக்கத்துல புரள்றதால ஊற்றுக்கண் அடைபடுது. மழை வர்ற வரைக்கும் மேற்குச் சரிவுல புரளுங்க. இல்லேன்னா இன்னும் ஒரு மாசத்துல யாருக்கும் தண்ணி இருக்காது. இப்படிக்கு, கயலி."

பன்றிகளின் தலைவன் சேறன் இதைக் கேட்டான். அவன் உடம்பில் இருந்த சேறு காய்ந்து உதிரும் அளவுக்கு அவனுக்குக் கோபம் வந்தது.

"ஒரு பொம்பளை நீர்நாய் எனக்குப் புரளக் கத்துத் தர்றாளா!"

சேற்றைப் பற்றி அவள் சொன்னது சரியா தப்பா என்று அவன் யோசிக்கவே இல்லை. நேராக இலவ மரத்துக்கு ஓடினான்.

மறுநாள் காலை கயலி மீனோடு கரையேறும்போது தலைக்கு மேல் கிளிகள் கத்திக்கொண்டு போயின.

"கயலி பிள்ளைங்களுக்கு அப்பன் யாரு? தெரிஞ்சவங்க வாலைத் தூக்குங்க!"

"மீன் நாத்தம் பிடிச்சவ தண்ணியைப் பத்திப் பேச வந்துட்டா!"

"பொம்பளைன்னா வளைக்குள்ள அடக்கமா கெடக்க வேண்டாமா? இப்படிக்கு, காட்டின் நலம் விரும்பி!"

மரத்தடியில் கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. இரண்டு கலைமான்கள் நிஜமாகவே வாலைத் தூக்கின. முள்ளம்பன்றி தன் பங்குக்கு ஒன்று சேர்த்துச் சொன்னது. போன மழையில் கயலி தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றிய முயல்குட்டியின் தகப்பனும் அங்கே நின்று சிரித்தான். கயலியைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

'ரெண்டு நாள் பேசுவாங்க. அப்புறம் ஓய்ஞ்சுடுவாங்க' என்று கயலி நினைத்தாள்.

ஓயவில்லை. நாளுக்கு நாள் கூடியது. நான்காம் நாள் நுரை அவள் மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, எங்க அப்பா யாருன்னு உனக்கு நிஜமாவே தெரியாதா?"

கயலிக்கு நெஞ்சில் யாரோ கால் வைத்ததுபோல இருந்தது. குட்டியை இறக்கி வைத்துவிட்டு நேராக இலவ மரத்துக்கு நடந்தாள்.

நெடுவாலன் அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

"வாங்க கயலியம்மா! நம்ம மரத்துல இப்ப உங்க பேச்சுதான்!"

"அதை நிறுத்தணும், அண்ணே. எல்லாம் பொய். என் பிள்ளைங்க காதுல விழுது."

"ஐயோ, நான் என்ன செய்வேன்? நான் கிளை குடுத்திருக்கேன், அவ்வளவுதான். பேசுறது கிளிங்க. சொல்லிக் குடுக்கறது யாரோ. ஏதாவது புகார்னா அதோ, புகார்ப் பொந்து இருக்கு பாருங்க!"

மரத்தின் நடுவில் ஒரு பொந்து இருந்தது. அதற்குள் ஓர் ஆந்தை பகல் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. கயலி மூன்று முறை தட்டினாள். ஆந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"தங்கள் புகார் கிடைத்தது. பரிசீலித்தோம். இது எங்கள் மரத்தின் விதிகளை மீறவில்லை. நன்றி."

"நான் இன்னும் புகாரே சொல்லலையே!"

ஆந்தை அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டது.

கயலி நெடுவாலனிடம் திரும்பி வந்தாள். அவன் தோளைக் குலுக்கினான்.

"நூறு கிளி, அம்மா! ஒரு நாளைக்கு ஆயிரம் பேச்சு! ஒவ்வொரு அலகுக்கும் நான் காவல் நிக்க முடியுமா? உங்களுக்குக் கஷ்டமா இருந்தா கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதீங்க. காதைப் பொத்திக்குங்க."

அப்போது ஒரு குட்டிக் கிளி எங்கிருந்தோ ஒரு பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தது. "இலவ மரத்தடியில ஒரே எறும்பு! உட்காராதீங்க!" என்று ஆரம்பித்தது.

நெடுவாலன் சட்டென்று இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தான். "உய்ங்ங்!" கிளி அந்த நொடியே வாயை மூடிக்கொண்டது. பக்கத்தில் இருந்த கிளிகளும் அந்தப் பேச்சைத் தொடவில்லை.

நெடுவாலன் ஒன்றும் நடக்காததுபோல அடுத்த பழத்தை எடுத்தான். கயலி பார்த்தாள். பிறகு வீட்டுக்கு நடந்தாள்.

சேறனுக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. கயலி ஊற்றைப் பற்றித் தினமும் ஒரு கிளியிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். அவன் ஒலியன் என்ற துடுப்புவால் கரிச்சானைக் கூப்பிட்டான். கரிச்சான் ஒரு கறுப்புப் பறவை. யார் குரலையும் அச்சு அசலாக எடுத்துப் பேசும்.

அடுத்த நாள் உச்சிக் கிளையில் இருந்த கிளி, ஒலியன் சொல்லிக் கொடுத்தபடி, கயலியின் குரலிலேயே பேசியது. கயலியின் இழுப்பு, கயலியின் மூச்சு, எல்லாம் அப்படியே!

"நரியாரே, வாங்களேன்! தெற்குக் கரையில மூணாவது நாவல் மரம், வேருக்கு அடியில என் வளை. தனியாத்தான் இருக்கேன். ஈரக்காலைத் துடைச்சு விடறேன்!"

காடே சிரித்தது. மரத்தடியில் அத்திப்பழம் மலையாகக் குவிந்தது.

ஆனால் நரி சிரிக்கவில்லை. அதை நிஜம் என்றே நம்பிவிட்டது. சாயங்காலம் குளித்து, வாலை நீவிவிட்டுக்கொண்டு, மூன்றாவது நாவல் மரத்தடிக்கு வந்து நின்றது.

"கயலி! நான் வந்துட்டேன்!"

"யாரு உன்னைக் கூப்பிட்டது? போ இங்கேருந்து!"

"விளையாடாதே! உன் வாயால நீதான கூப்பிட்ட? காடே கேட்டிச்சு!"

நரி வளைக்குள் தலையை விட்டது. கயலி பாய்ந்து அதன் மூக்கைக் கடித்தாள். நரி ஊளையிட்டுக்கொண்டு காலை உதறியது. வளையின் வாய் மளமளவென்று இடிந்தது. நரி ஓடிவிட்டது. மண்ணுக்கு அடியிலிருந்து துளியின் அழுகைச் சத்தம் மட்டும் வந்தது.

கயலி இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டினாள். துளி உயிரோடுதான் இருந்தாள். ஆனால் அவளது பின்னங்கால் ஒரு கல்லுக்கு அடியில் நசுங்கியிருந்தது.

கயலி அன்று அழவில்லை. குட்டிகளைக் கவ்விக்கொண்டு நாணல் புதருக்குள் போய் ஒண்டிக்கொண்டாள். காலையில் அவளைத் தேடிக்கொண்டு ஒரு பெண்மயில் வந்தது. அதன் பின்னால் மருளி என்ற மிளாமான் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு காட்டுக்கோழியும் இரண்டு அணில்களும் வந்தன.

"எனக்கும் இது நடந்துச்சு" என்றாள் மருளி. "போன வருஷம் நான் புல்வெளிப் பங்கீடு பத்திப் பேசினேன். என் நடையைப் பத்தியே ஒரு மாசம் பேசினாங்க. அன்னைக்கு விட்டதுதான். அந்த மரத்துப் பக்கமே போறதில்ல."

"என் இறகு அழகில்லேன்னு பாட்டுக் கட்டினாங்க" என்றது பெண்மயில். "பாம்பு வருதுன்னு சொல்லக்கூட இப்ப எனக்குப் பயமா இருக்கு."

கயலி எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். இத்தனை நாள் தனக்கு மட்டும்தான் இது நடக்கிறது என்று நினைத்திருந்தாள்.

"அழுதது போதும். செதிலிகிட்ட போவோம்!" என்றாள்.

செதிலி ஓர் அலங்கு. எறும்பு தின்று வாழ்கிறவள், உடம்பெல்லாம் செதில். குட்டையில் தண்ணீர் குடிக்கிற எல்லாருக்கும் அவள் சொல்வதுதான் தீர்ப்பு. ஆனால் அவளிடம் ஒரு பழக்கம். யாராவது கூச்சல் போட்டால் பந்துபோலச் சுருண்டுவிடுவாள். அவளாக விரியும்வரை வழக்கு நகராது. பகலில் எழுப்பினால் கொஞ்சம் சிடுசிடுப்பாகவும் இருப்பாள்.

வழக்கு இலவ மரத்தடியிலேயே நடந்தது. காடே திரண்டு வந்தது. அன்று மட்டும் யாரும் அத்திப்பழம் போடவில்லை.

கயலி நடந்ததைச் சொன்னாள். துளியைத் தூக்கிக் காலைக் காட்டினாள். மரத்தடியில் சிரித்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"நெடுவாலா, நீ என்ன சொல்றே?" என்றாள் செதிலி.

"தாயே, நான் ஒரு வார்த்தை பேசினேனா? கிளை என்னது, பேச்சு அவங்களது! நூறு கிளி! ஆயிரம் பேச்சு! யார் எதைச் சொன்னாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சாலும் தடுக்க முடியுமா?"

"சரியாச் சொன்னான்!" என்று சேறன் கத்தினான். "எங்க வாயைக் கட்டப் பார்க்கறா!"

பன்றிகள் எல்லாம் சேர்ந்து கத்தின. செதிலி சுருண்டுவிட்டாள். கூட்டம் வாயை மூடிக்கொண்டு வெயிலில் வெகுநேரம் காத்திருந்தது. கடைசியில் ஒரு செதில் அசைந்தது. மூக்கு வெளியே வந்தது.

"ம். அடுத்து?"

கயலி முன்னால் வந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு கிளிகிட்ட ஒரே ஒரு பேச்சுச் சொல்லிக்கறேன். அனுமதி வேணும்."

"சொல்லிக்கோ."

கயலி ஒரு கிளியின் காதில் ஏதோ சொன்னாள். கிளி உற்சாகமாகக் கிளைக்குத் தாவியது.

"நெடுவாலன் வால்ல பேன்! நெடுவாலன் வால்ல…"

"உய்ங்ங்!"

கிளி அப்படியே நிறுத்திவிட்டது. காடே திரும்பி நெடுவாலனைப் பார்த்தது. அவனது இரண்டு விரலும் இன்னும் வாயில் இருந்தன. மெல்ல வெளியே எடுத்தான். அவை எப்படி அங்கே போயின என்று அவனுக்கே தெரியாததுபோல விரலைப் பார்த்தான்.

"தடுக்க முடியாதுன்னீங்களே, அண்ணே" என்றாள் கயலி. "இப்ப என்ன பண்ணீங்க?"

"அது… அது பொய்! என் வால்ல பேன் இல்ல!"

"என் பிள்ளைங்களுக்கு அப்பன் இல்லேங்கறதும் பொய்தான். அதுக்கு எட்டு நாளா உங்க விரல் வாய் வரைக்கும் எட்டல."

ஓர் அணில் களுக்கென்று சிரித்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

செதிலி இப்போது நன்றாக விரிந்து உட்கார்ந்தாள். உச்சிக் கிளைக் கிளியைக் கூப்பிட்டாள்.

"நரியைக் கூப்பிட்ட பேச்சு. அதை உனக்குச் சொல்லித் தந்தது யாரு?"

கிளிகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கேட்டதை அப்படியே சொல்லத்தான் தெரியும். அது சேறனின் கரகரத்த குரலில் பேசியது.

"டேய் ஒலியா, அவ குரல்ல நல்லா இழைஞ்சு பேசு. வளை எங்க இருக்குன்னும் சேர்த்துச் சொல்லு. நான்தான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே!"

சேறன் பின்வாங்கினான். பின்னால் நின்ற காட்டெருமை வழி விடவில்லை.

"இதை நீ ஏன் முன்னாடியே சொல்லல?" என்றாள் செதிலி.

"யாரும் கேக்கல!" என்றது கிளி.

செதிலி நெடுவாலன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா? உன் கிளிக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல. ஏன்னா தெரிஞ்சுக்க நீ விரும்பல. தெரிஞ்சா நிறுத்தணும். நிறுத்தினா பழம் குறையும். அப்படித்தானே?"

நெடுவாலன் தலையைச் சொறிந்தான். பிறகு கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டான்.

"தாயே, அப்ப இனிமே காட்டுல யாரும் வாயே திறக்கக் கூடாதா?"

"யாரு சொன்னது? கயலி சேற்றைப் பத்திச் சொன்னது தப்புன்னு சேறன் நூறு கிளியை வெச்சுச் சொல்லட்டும். நானும் உட்கார்ந்து கேக்கறேன். ஒருத்தி பிள்ளைங்களுக்கு அப்பன் யாருன்னு கேக்கறதும், அவ குரலைத் திருடறதும், அவ வளைக்கு வழி காட்டறதும் பேச்சு இல்ல. அது கல் எறியறது. கல் வந்தது உன் மரத்துலேருந்து!"

செதிலி தீர்ப்புச் சொன்னாள். இனி இது குட்டைச் சட்டம். புகார் சொல்ல வருகிறவளை மூன்று முறை தட்ட வைக்கக் கூடாது. பொந்தில் பகலிலும் விழித்திருக்கிற ஒருவர் இருக்க வேண்டும். ஒருத்தியின் மானத்துக்கோ உயிருக்கோ கேடு செய்கிற பேச்சு என்று தெரிந்தால், மரத்தின் நிழல் ஒரு முழம் நகர்வதற்குள் சீழ்க்கை அடிக்க வேண்டும். அதே பேச்சு வேறொரு கிளியின் வாயில் திரும்ப வந்தால், அவள் மறுபடி ஓடி வந்து அழும்வரை காத்திருக்கக் கூடாது. யார் சொன்னது என்று கேட்டு வைத்திருப்பதும் மரத்துக்காரன் வேலைதான். இதையெல்லாம் செய்யாவிட்டால், மறுநாள் யாரும் மரத்தடிக்குப் போக மாட்டார்கள்.

சேறனுக்கும் ஒலியனுக்கும் தனித் தண்டனை. சேறன் தன் கூட்டத்தோடு போய் ஊற்றுக்கண்ணில் அடைத்த சேற்றைத் தன் மூக்காலேயே அள்ள வேண்டும். ஒலியன் காடு முழுக்கப் பறந்து, 'அது கயலி பேசியது அல்ல, நான் பேசியது' என்று தன் சொந்தக் குரலில் சொல்ல வேண்டும்.

ஒலியன் வாயைத் திறந்தான். முதலில் மயில் குரல் வந்தது. பிறகு குரங்குக் குரல் வந்தது. எத்தனையோ வருஷமாக ஊரார் குரலிலேயே பேசியதால் தன் குரல் எது என்றே அவனுக்கு மறந்துபோயிருந்தது. மூன்று நாள் பாறை மேல் உட்கார்ந்து கரகரவென்று ஏதேதோ முயன்று, கடைசியில் ஒரு சின்னக் கீச்சுக் குரலைக் கண்டுபிடித்தான். அந்தக் குரலோடு பறந்துபோய் முதலில் நரியிடம் சொன்னான். நரி தன் மூக்கைத் தடவிக்கொண்டே கேட்டது.

நெடுவாலன் உடனே திருந்திவிட்டான் என்று சொல்ல முடியாது. ஆந்தைக்குப் பதிலாக ஒரு கீரியைப் பொந்தில் உட்கார வைத்தான். அதுவரை சரி. ஆனால் ஆறாம் நாள் காட்டுக்கோழியைப் பற்றி ஒரு வம்பு கிளம்பியது. நல்ல கூட்டம். நிழல் ஒரு முழம் நகர்ந்தது, இரண்டு முழமும் நகர்ந்தது, சீழ்க்கை வரவில்லை. மறுநாள் காலை மரத்தடியில் ஓர் எலிகூட இல்லை. நூறு கிளிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நெடுவாலன் பொழுது சாயும்வரை ஒற்றையாக உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு சீழ்க்கை ஒருநாளும் தாமதமாகவில்லை.

அவன் பயந்ததுபோலப் பழமும் குறைந்துவிடவில்லை. மருளி மறுபடி மரத்துக்கு வந்தாள். பெண்மயில் பாம்பைக் கண்டால் பயப்படாமல் சொன்னது. வராமல் இருந்தவர்கள் எல்லாம் வந்தார்கள்.

ஒரு நாள் நெடுவாலன் நல்ல அத்திப்பழமாகப் பார்த்து ஓர் இலை நிறைய எடுத்துக்கொண்டு கயலியைப் பார்க்க வந்தான்.

"கயலியம்மா! எல்லாம் சரியாப் போச்சு! இப்ப திருப்திதானே?" என்று தூரத்திலிருந்தே கத்தினான்.

கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த துளி அந்தச் சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்தாள். ஒரு காலை இழுத்துக்கொண்டே ஓடிப்போய் நாணலுக்குள் ஒளிந்துகொண்டாள். நாணல் வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா, அண்ணே" என்றாள் கயலி. அவள் குரலில் கோபம் இல்லை. "வெளியே யார் சத்தம் கேட்டாலும் அவ இப்படித்தான் ஓடறா. நான் உங்ககிட்ட முதல் நாள் வந்தப்ப அவ நாலு காலும் நல்லா இருந்துச்சு. அன்னைக்கே ஒரு சீழ்க்கை அடிச்சிருக்கலாம்."

நெடுவாலன் குனிந்தான். பழத்தைக் கரையில் மெதுவாக வைத்தான். நாணலை ஒருமுறை பார்த்தான். பிறகு ஒரு சருகுகூட நொறுங்காதபடி பார்த்துப் பார்த்துக் கால் வைத்துத் திரும்பிப் போனான்.

ஊரே பேச ஒரு மேடை அமைத்து அதனால் பிழைக்கிறவர், அந்த மேடையிலிருந்து ஒரு பெண்ணின் மேல் எறியப்படும் கல்லை உடனே தடுக்கவும் கடமைப்பட்டவர்.